எக்ஸ்பாக்ஸ் 360-இன் நினைவகச் சிப்பை ஒயர் வைத்துப் படிப்பதும் எழுதுவதும்: தடங்கல் வந்தால் எங்கே பார்ப்பது

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் தம்பி ஒருவர், பழைய எக்ஸ்பாக்ஸ் 360 வீடியோ கேம் பெட்டி ஒன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பல்லடத்தில் என் மேசைக்கு வந்தார். வேறோர் இடத்தில் அதைத் திறந்து பார்த்திருந்தார்கள். "ஏனுங்ண்ணா, மெமரி சிப்பே போயிருச்சுங்கறாங்க, புதுசு மாத்தித்தான் ஆகணுங்களா?" என்று கேட்டார். மூடியைக் கழற்றியபோது, சிப்பைப் படிப்பதற்காக முன்பு வைத்த ஏழு ஒயர்களும் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றையும் இடுக்கியால் மெல்ல இழுத்துப் பார்த்தேன். ஆறு அசையவில்லை. ஏழாவதான கிரவுண்ட் ஒயர், நுனியில் பளபளக்கும் ஈயக் (சால்டர்) குமிழோடு, ஒட்டாமல் வைத்த பொட்டைப் போலத் தனியே கையோடு வந்துவிட்டது. அடியில் போர்டின் துளை சுத்தமாக இருந்தது. ஈயம் அதில் பிடிக்கவே இல்லை. அந்த ஒரு முனையைச் சரியாக வைத்ததும் சிப் முழுவதையும் படிக்க முடிந்தது.

இந்த வேலையில் "சிப் போய்விட்டது" என்று சொல்லப்படும் பெட்டிகளில் பெரும்பாலானவை இத்தகையவைதான் என்பது என் அனுபவம். எனவே புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் பிழை எண்ணைக் கண்டவுடன் சிப்பைச் சந்தேகிக்காமல், கணினியிலிருந்து சிப் வரையுள்ள வழியை ஒவ்வொரு முனையாகச் சோதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அந்தச் சிப்பில் இருப்பது என்ன

எக்ஸ்பாக்ஸ் 360-இன் போர்டில் உள்ள நாண்டு வகை நினைவகச் சிப், பெரும்பாலான மாடல்களில் 16 எம்.பி. மட்டுமே கொள்ளளவு கொண்டது. பெட்டி எழுந்திருக்கத் தேவையான தொடக்க நிரல்கள், பவர் பொத்தானையும் மின்விசிறியையும் கவனிக்கும் சிறு கட்டுப்பாட்டு நிரல், இயங்குதளம், இவற்றோடு அந்தப் பெட்டிக்கு மட்டுமே உரிய 'கீ வால்ட்' என்னும் ரகசியப் பகுதியும் அதற்குள் இருக்கின்றன. இந்தப் பகுதி, செயலிக்குள் உருகு இழைகளாகப் பதிக்கப்பட்ட ஒரு சாவியைக் கொண்டு பூட்டப்பட்டிருக்கிறது. டிவிடி டிரைவை அந்தப் பெட்டியோடு இணைக்கும் சாவியும் இதற்குள்தான் இருக்கிறது. ஒரு பெட்டியின் சிப்பிலிருந்து எடுத்த கோப்பை இன்னொரு பெட்டியில் அப்படியே எழுதினால் அது எழுந்திருக்காததற்குக் காரணம் இதுவே. நண்பரின் பெட்டியிலிருந்து கோப்பு வாங்கி வந்து போட்டுப் பார்க்கலாம் என்ற யோசனை இருந்தால், அதை இங்கேயே விட்டுவிடலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உங்கள் பெட்டியிலிருந்து பிழையின்றி எடுத்த ஒரு பிரதி (இந்தத் தொழிலில் இதை 'டம்ப்' என்போம்) கையில் இருந்தால், அதன்பின் என்ன தவறாக எழுதினாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். கணினிக்கும் போர்டுக்கும் நடுவே வைக்கும் படிக்கும் கருவி நேரடியாகச் சிப்போடு பேசுவதில்லை. போர்டிலுள்ள சவுத்பிரிட்ஜ் என்ற சிப்போடு பேசுகிறது. நினைவகத்தைப் படித்துத் தருவது அந்தச் சவுத்பிரிட்ஜ்தான். நினைவகத்தில் என்ன எழுதியிருக்கிறது, எதுவுமே எழுதவில்லையா என்பதைப் பற்றி இந்த வழிக்குக் கவலையில்லை. எழுதும்போது பாதியில் கரண்ட் போனாலும் அதனால் பெட்டி நிரந்தரமாகச் செத்துவிடாது. கரண்ட் வந்தபின் மறுபடி எழுதிக்கொள்ளலாம்.

எந்தப் போர்டு என்று முதலில் அறிதல்

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, பின்புறம் ஒட்டியுள்ள லேபிளில் ஆம்பியர் அளவைப் பாருங்கள். 12 வோல்ட்டில் 16.5 ஆம்பியர் என்றால் ஸினான் அல்லது ஸெஃபிர், 14.2 என்றால் ஃபால்கன், 12.1 என்றால் ஜாஸ்பர், 10.83 என்றால் பெரும்பாலும் 2010-இல் வந்த ஒல்லி மாடலான டிரினிட்டி, 9.6 என்றால் கொரோனா. ஒயர் வைக்க வேண்டிய இடமும், சிப் பதில் சொல்லும்போது வரவேண்டிய எண்ணும் போர்டுக்குப் போர்டு மாறுவதால் இது முக்கியம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர்கள் கொண்டுவந்த பெட்டிகளின் பவர் அடாப்டர், 100 முதல் 127 வோல்ட் வரைக்கும்தான் தாங்கும். நம் வீட்டு 230 வோல்ட்டில் அதைச் செருகினால் புகைந்துவிடும். சிப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன் அடாப்டரின் அடியில் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

ஒயர் வைத்தல்

வெளிமூடிக்கு டி10, உள்தகட்டுக்கு டி8 என்று இரண்டு டார்க்ஸ் ஸ்க்ரூடிரைவர்கள் போதும். ஹீட்சிங்கைக் கழற்ற வேண்டியதில்லை, கழற்றவும் கூடாது. நம் பக்கத்துப் பெட்டிகளில் பஞ்சுத் தூசி கம்பளி போலப் படிந்திருக்கும். அதை ஊதியும் பிரஷ்ஷால் துடைத்தும் எடுத்துவிட்டு, ஒயர் வைக்கும் இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு சுத்தம் செய்யுங்கள். தூசியின்மேல் ஈயம் பிடிக்காது.

பழைய குண்டு மாடல்களில் ஜே1டி2, ஜே2பி1 என்று எழுதப்பட்ட இரண்டு துளை வரிசைகளில் தேவையான ஏழு இணைப்புகளும் கிடைக்கின்றன. தரவு உள்ளே போவதற்கு ஒன்று, வெளியே வருவதற்கு ஒன்று, கிளாக், சிப் செலக்ட், டிபக், ரீசெட், கிரவுண்ட் ஆகியவையே அந்த ஏழு. டிரினிட்டியிலும் கொரோனாவிலும் இடங்கள் வேறு. உங்கள் போர்டுக்கு உரிய படத்தையே பாருங்கள். தரவு உள்ளே, தரவு வெளியே என்ற இரண்டையும் மாற்றி வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஒயர் வைக்கும் முன் இரண்டுக்கும் வேறு வேறு நிறம் எடுத்துக்கொண்டு, எந்த நிறம் எதற்கு என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

ஒயர் மெல்லியதாக இருக்க வேண்டும். லேன் கேபிளின் உள்கம்பியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அது விறைப்பானது; கருவியைச் சற்றே நகர்த்தினாலும் போர்டின் செம்பு வளையத்தையே பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். பழைய ஹார்ட்டிஸ்கின் பட்டைக் கேபிளைப் பிரித்தெடுத்த இழைகள் வளைந்து கொடுக்கும், காசும் ஆகாது. நீளம் ஒரு சாணுக்குமேல் வேண்டாம்.

போர்டில் தொழிற்சாலையிலேயே வைத்த ஈயம், காரீயம் கலக்காத வகை. 217 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் உருகும். நாம் கடையில் வாங்கும் காரீயம் கலந்த ஈயம் 183 டிகிரியிலிருந்தே இளகத் தொடங்கிவிடும். ஆகவே முதலில் ஈயம் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் பசையைத் தடவி, நம் ஈயத்தைச் சிறிது அந்தத் துளையில் சேர்த்து இரண்டையும் கலக்க விட்டு, அதன்பின் ஒயரை வைத்தால் நன்றாகப் பிடிக்கும். கிரவுண்ட் துளைக்குத் தனிப் பொறுமை தேவை. அது போர்டின் பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால், முனையில் வைக்கும் சூட்டை அந்தப் பரப்பு உறிஞ்சிக்கொள்ளும். மற்ற துளைகளுக்கு இரண்டு நொடி போதும் என்றால் இதற்கு ஐந்தாறு நொடிகளும் சற்றே தடித்த சால்டரிங் அயர்ன் முனையும் வேண்டும். கட்டிங் மாஸ்டரின் பெட்டியில் தவறியது இந்த இடத்தில்தான். அந்தத் துளையோடு போராட விருப்பம் இல்லையென்றால், கிரவுண்ட் ஒயரைப் போர்டைத் தகட்டோடு பிணைக்கும் திருகுக்கு அடியில் வைத்து இறுக்கிவிடலாம். அங்கும் கிரவுண்ட்தான் இருக்கிறது.

ஒயர்களை வைத்து முடித்தபின் மூன்று சோதனைகளைத் தவறாமல் செய்யுங்கள். ஒவ்வோர் ஒயரையும் இடுக்கியால் இழுத்துப் பாருங்கள். மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, கருவியின் முனையிலிருந்து போர்டின் மறுபக்கத் துளை வரை ஒலி வருகிறதா என்று பாருங்கள். ஈயத்தின்மேல் தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை, ஒயர் ஈயத்தோடு ஒட்டியிருந்தாலும் அந்த ஈயம் போர்டில் பிடிக்காமல் இருக்கலாம். பக்கத்துப் பக்கத்து ஒயர்களுக்கு இடையே பீப் வரக்கூடாது என்பது மூன்றாவது சோதனை.

சிப் பதில் சொல்கிறதா

படிக்கும் கருவிகளில் நாண்ட்-எக்ஸ், ஜேஆர் புரோகிராமர் ஆகியவை நீண்ட நாள் புழக்கத்தில் இருப்பவை. இப்போது ராஸ்பெரி பை பிக்கோ என்ற சிறு போர்டில் பிக்கோஃபிளாஷர் நிரலை ஏற்றியும் இதைச் செய்கிறார்கள். புதியவர்களுக்கு நான் சொல்வதும் இதைத்தான். 5 வோல்ட்டில் வேலை செய்யும் ஆர்டுவினோ வகைகளை மட்டும் நேரடியாக இணைக்க வேண்டாம். எக்ஸ்பாக்ஸின் இந்த ஒயர்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. கணினியில் ஜே-ரன்னர் மென்பொருள் இருந்தால் போதும்.

எக்ஸ்பாக்ஸின் பவர் அடாப்டரைச் செருகுங்கள். பெட்டியை ஆன் செய்ய வேண்டாம். குண்டு மாடல்களின் அடாப்டரில் ஆரஞ்சு விளக்கு எரிந்தால் காத்திருப்பு மின்சாரம் வருகிறது என்று பொருள். பச்சையாக எரிந்தால் பெட்டி ஆன் ஆகியிருக்கிறது, அணைத்துவிடுங்கள். சிவப்பாக எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, உடனே பிடுங்கிவிட்டு ஒயர்களைப் பாருங்கள்.

இப்போது மென்பொருளில் படிக்கச் சொன்னால், முதலில் சிப்பின் வகையைச் சொல்லும், எட்டு இலக்கம் கொண்ட ஃபிளாஷ் கான்ஃபிக் எண் தெரியும். ஸினான், ஸெஃபிர், ஃபால்கன் போர்டுகளில் அது 01198010. 16 எம்.பி. ஜாஸ்பரிலும் டிரினிட்டியிலும் 00023010. 4 ஜி.பி. இல்லாத கொரோனாவில் 00043000. இந்த எண் சரியாக வந்தால் கணினி, கேபிள், கருவி, ஏழு ஒயர்கள், சவுத்பிரிட்ஜ் என வழி முழுவதும் வேலை செய்கிறது என்று கொள்ளலாம்.

எட்டும் சுழியாக வந்தால் எதுவுமே பதில் சொல்லவில்லை என்று பொருள். அடாப்டர் விளக்கு, கிரவுண்ட், மாறிப்போன தரவு ஒயர்கள், ரீசெட், டிபக் என்ற வரிசையில் பார்த்து வாருங்கள். கருவியையே கணினி காணவில்லை என்றால் யுஎஸ்பி கேபிளைச் சந்தேகியுங்கள். போனுக்குச் சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களில் தரவுக்கான இழைகளே இருக்காது. இப்படிப்பட்ட கேபிள் ஒன்றோடு ஒரு மதியம் முழுவதும் மல்லுக்கட்டியிருக்கிறேன். எண் வருகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வருகிறது என்றால், ஒயர் நீளம் அதிகம் அல்லது ஏதோ ஓர் ஈயமுனை அரைகுறையாகப் பிடித்திருக்கிறது.

இரண்டு பிரதிகளும் ஒத்துப்போகாதபோது

எண் சரியாக வந்துவிட்டது என்று மகிழ்ந்து உடனே எழுதத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் முழுச் சிப்பையும் குறைந்தது இரண்டு முறை படித்து, இரண்டு கோப்புகளையும் ஒப்பிட வேண்டும். ஜே-ரன்னரே இதைச் செய்து சொல்லிவிடும். 16 எம்.பி. சிப்பின் கோப்பு சரியாக 1,73,01,504 பைட் இருக்க வேண்டும். 16 எம்.பி.யை விட இது அதிகமாக இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு 512 பைட் தரவுக்கும் 16 பைட் உதிரிப் பகுதி சேர்ந்து வருவது. பிளாக் (சிப்பின் நினைவகம் பிரிக்கப்பட்டிருக்கும் சிறு துண்டு) எண்ணும் பிழை திருத்தும் கணக்கும் அதில் இருக்கின்றன. 256, 512 எம்.பி. சிப் கொண்ட ஜாஸ்பர்களில் முதல் 64 எம்.பி.யைப் படித்தால் போதுமானது.

ஒப்பிட்டதில் வேறுபாடு வந்தால் மூன்றாவது முறையும் படித்து, எந்த எந்த பிளாக்குகளில் மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதில்தான் நோயின் இடம் தெரியும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் மாறினால் சிப்பில் குறையில்லை. வரும் வழியில் இரைச்சல் இருக்கிறது. எல்லா முறையும் அதே பிளாக்கில் மட்டும் தடுக்கினால்தான் சிப்பைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இரைச்சலுக்குக் காரணம் பல நேரங்களில் நம் வீட்டு மின்சாரமே. மூன்று முனைப் பிளக்கில் எர்த் ஒயர் பேருக்கு இருந்து, மண்ணில் எங்கும் சேராத வீடுகள் இங்கே ஏராளம். அத்தகைய இடத்தில் சார்ஜரோடு இணைத்த லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் லேசாகச் சுறுசுறுக்கும். அந்தக் கசிவு, யுஎஸ்பி வழியாக எக்ஸ்பாக்ஸின் கிரவுண்டையும் ஆட்டிவைக்கும். என் மேசைக்குக் கீழ்த்தளத்தில் தறிகள் ஓடிய நாட்களில் இரண்டு பிரதிகள் ஒத்துப்போவதே அரிதாக இருந்தது. லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியில் மட்டும் ஓட்டி மறுபடி படித்ததும் வேறுபாடுகள் நின்றுவிட்டன. அன்றிலிருந்து சார்ஜர் இல்லாமல்தான் படிக்கிறேன். அதோடு யுஎஸ்பி ஹப் வேண்டாம், கணினியிலேயே நேராகச் செருகுங்கள். போன் சார்ஜர்களையும் மேசை விளக்கையும் தள்ளி வையுங்கள்.

இரண்டும் ஒத்துப்போனாலும் இன்னும் ஒரு பார்வை பாக்கி இருக்கிறது. ஒயரே இல்லாத கருவிகூட வெறும் சுழிகளை இரண்டு முறை 'ஒரே மாதிரி' படித்துத் தந்துவிடும். கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் அதைத் திறந்தால் முதல் இரண்டு பைட்டும் எஃப்எஃப், 4எஃப் என்று இருக்க வேண்டும். சற்றுத் தள்ளி மைக்ரோசாஃப்ட்டின் காப்புரிமை வரி ஆங்கிலத்தில் படிக்கும்படி தெரிய வேண்டும். அது கண்ணில் படும்வரை அதைப் பிரதி என்று சொல்லாதீர்கள்.

இதை நான் கற்றது ஒரு பெட்டியைப் பலி கொடுத்து. வேலை பழகிய காலத்தில், ஒரே ஒரு முறை படித்துவிட்டு, ஒப்பிடாமல், அவசரத்தில் புதிய கோப்பை எழுதினேன். பெட்டி எழவில்லை. பழையதை எழுதலாம் என்று பிரதியைத் திறந்து பார்த்தால், கீ வால்ட் இருக்க வேண்டிய இடம் குப்பையாக இருந்தது. அந்தப் பெட்டி இன்றும் என்னிடம் உதிரிபாகமாகக் கிடக்கிறது. உரிமையாளருக்கு வேறு பெட்டி வாங்கிக் கொடுத்தேன்.

அதே பிளாக்கில் தடுக்கினால்

படிக்கும்போது ஒரு குறிப்பிட்ட பிளாக்கில் 250 என்ற பிழை எண் வந்தால், பெரும்பாலும் அது கெட்டுப்போன பிளாக். அச்சம் வேண்டாம். இந்த வகை 16 எம்.பி. சிப்பில் 1,024 பிளாக்குகள் இருக்கின்றன. அவற்றில் 1,004 நன்றாக இருந்தால் போதும் என்பதே தயாரிப்பாளர்களின் கணக்கு. சில கெட்ட பிளாக்குகளோடுதான் சிப்புகள் தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. கெட்ட பிளாக்கின் உள்ளடக்கத்தை எக்ஸ்பாக்ஸ், சிப்பின் கடைசியில் ஒதுக்கியுள்ள 32 பிளாக்குகளில், கடைக்கோடியிலிருந்து பின்னோக்கி நிரப்பிக்கொள்ளும்.

உங்கள் பெட்டியின் பழைய பிரதியை அதே சிப்பில் திருப்பி எழுதுவதானால், எதையும் மாற்றாமல் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். எழுதும்போதும் அதே பிளாக்கில் அதே பிழை வரும், அது எதிர்பார்த்ததுதான். சிப்பையே மாற்றியிருந்தால் கதை வேறு. புதிய சிப்பின் கெட்ட பிளாக்குகள் வேறு இடங்களில் இருக்கும் என்பதால், மென்பொருளைக் கொண்டு இட மாற்றத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். முதல் பிளாக் கெட்டிருக்கும் சிப் மட்டும் உதவாது. தொடக்க நிரல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

4 ஜி.பி. கொரோனா

இதில் இருப்பது இஎம்எம்சி வகை நினைவகம். கிளாக், கமாண்ட், முதல் தரவு இழை, கிரவுண்ட் ஆகியவற்றை எஸ்டி கார்டு ரீடரோடு இணைத்துப் படிக்கிறார்கள். படிக்கும்போது போர்டின் கிரிஸ்டலை (கிளாக் துடிப்பைத் தரும் சிறு பாகம்) நிறுத்திவைக்கவும் வேண்டும். முதல் 48 எம்.பி. போதும், உதிரிப் பகுதியும் இல்லை. செருகியதும் விண்டோஸ், 'இந்த டிஸ்கை ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் பெட்டியாக இந்த மாடலை எடுக்காமல் இருப்பதே நல்லது.

எழுதியபின்

எழுதி முடிந்ததும் சிப்பை மறுபடி படித்து, எழுதிய கோப்போடு ஒப்பிடுங்கள். கெட்ட பிளாக்கைத் தவிர மற்ற இடமெல்லாம் ஒத்திருக்க வேண்டும். உதிரிப் பகுதியோடு கூடிய கோப்பை, அது இல்லாத கோப்பை எழுதும் முறையில் எழுதிவிட்டால் எல்லாமே பிசகும்; கோப்பின் அளவைப் பார்த்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

பெட்டியை ஆன் செய்யும் முன் கருவியின் யுஎஸ்பியைப் பிடுங்கிவிடுங்கள். கருவி ரீசெட் ஒயரைப் பிடித்துவைத்திருந்தால் பவர் பொத்தானுக்குப் பெட்டி அசையாது. சிப் செத்துவிட்டது என்று பலர் பதறுவது இந்த இடத்தில்தான். பிடுங்கியபின்னும் பொத்தானுக்கு எந்த அசைவும் இல்லையென்றால், பவர் பொத்தானைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு நிரல் தவறாக எழுதப்பட்டிருக்கலாம். போர்டின் பெயரைச் சரிபார்த்து மறுபடி எழுதுங்கள். மின்விசிறி சுற்றியும் திரை கறுப்பாகவே இருந்தால், வேறு பெட்டியின் கோப்போ குறைப் பிரதியோ உள்ளே போயிருக்கலாம்.

ஒரு சிவப்பு விளக்கோடு திரையில் இ79 என்று வந்தால் இயங்குதளக் கோப்புகளில் சிக்கல் இருக்கலாம்; ஹார்ட்டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஆன் செய்து பார்த்த பிறகே ஒயரை எடுங்கள். மூன்று சிவப்பு விளக்கு எரியும் குண்டு மாடலில் சிங்க் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி எஜெக்ட்டை நான்கு முறை தட்டினால், ஒவ்வொரு தட்டலுக்கும் எத்தனை விளக்கு எரிகிறது என்பதிலிருந்து நான்கு இலக்க எண் கிடைக்கும். நான்கு விளக்கும் எரிந்தால் அது சுழி. 0022, 0102 போன்ற எண்கள் வந்தால் குறை செயலி, கிராஃபிக்ஸ் சிப் பக்கம்தான். அத்தகைய பெட்டிக்கு நினைவகத்தில் என்ன எழுதினாலும் பயனில்லை. 'புரோகிராம் போட்டால் சரியாகிவிடும்' என்று சொல்லி யாரிடமும் காசு வாங்காதீர்கள்.

எல்லாம் ஓடியபின் ஒயர்களை எடுக்கும்போது இழுக்காதீர்கள். ஈயத்தை உருக்கி எடுங்கள். பிரதியின் கோப்புப் பெயரில் பெட்டியின் சீரியல் எண்ணைச் சேர்த்து, கணினியில் ஒன்றும் பென்டிரைவில் ஒன்றுமாக வையுங்கள். கட்டிங் மாஸ்டரின் பிரதியை அவருடைய மின்னஞ்சலுக்கே அனுப்பிவைத்தேன். சுருக்கினால் 16 எம்.பி.கூட வராது.